நாயும் பூனையும் உள்ள வீட்டில் தரை கழுவுவது எப்படி

புதிதாக ஒரு நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தடுப்பூசி, பூச்சி மருந்து, சாப்பாடு பற்றியெல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள். தரை துடைக்கிற வாளியைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

நஞ்சு என்றதும் போத்தலைக் கவிழ்த்துக் குடிப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. "அந்த மணத்துக்கு நாய் கிட்டவும் போகாது" என்பார்கள். குடிக்காது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் நாயும் பூனையும் வெறுங்காலோடு திரிகின்றன, தரையோடு வயிறு ஒட்டப் படுக்கின்றன, உடம்பில் பட்டதை நக்கித்தான் துப்புரவு செய்கின்றன. காலையில் நீங்கள் விறாந்தையில் ஊற்றியது மத்தியானத்துக்கு முன்னரே பாதம் வழியாக நாக்குக்குப் போய்விடும். அதனால் தரையையும் பாதத்தையும் நாக்கையும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

முதல் வேலை: எல்லாவற்றையும் முற்றத்துக்கு எடுத்து வாருங்கள்

குசினித் தொட்டிக்குக் கீழே, கக்கூஸ் மூலையில், கிணற்றடிக் கட்டில், அலுமாரித் தட்டில் இருக்கிற துப்புரவுச் சாமான்கள் முழுவதையும் வெளியே எடுத்து வரிசையாக வையுங்கள். லேபிளைப் படியுங்கள். சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைத்த, லேபிள் இல்லாத திரவம் ஏதும் இருந்தால் முதலில் அதற்கு ஒரு வழி பாருங்கள். நாய்க்குட்டிக்கு விளையாட வெறும் தண்ணீர்ப் போத்தலைப் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதைக் கடித்துப் பழகிய குட்டிக்குக் கக்கூஸ் மூலையில் நிற்கிற போத்தலும் விளையாட்டுச் சாமான்தான். லேபிள் இல்லாவிட்டால் பிறகு வைத்தியரிடம் என்னவென்று சொல்வதற்கும் வழி இருக்காது.

யாழ்ப்பாணத்து வீடுகளில் அமிலம் இல்லாத கக்கூஸ் குறைவு. அதற்குக் காரணம் நம் தண்ணீர். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருகிற கிணற்றுத் தண்ணீர் என்பதால் மாபிள் என்று நாம் சொல்கிற டைல்ஸிலும் குழாயிலும் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் படிவு பிடிக்கிறது. சவர்க்காரம் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. ஆகவே ஹார்பிக் போன்ற திரவங்களை வாங்குகிறோம். இந்த வகைத் திரவங்கள் பலவற்றில் சுமார் 10 சதவீதம் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. போத்தலைக் கடித்த குட்டிக்கு வாய், நாக்கு, உணவுக்குழாய் எல்லாம் வெந்துபோகும். அடைத்த குழாயைத் திறக்கப் போடுகிற கோஸ்டிக் சோடா அதைவிடப் பொல்லாதது. அது காரம். சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

அடுத்தது பிளீச். வீட்டுப் பாவனைக்கு விற்கிற திரவத்தில் பொதுவாக 3 முதல் 6 சதவீதம் வரை சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கும். நன்றாகத் தண்ணீர் கலந்து, பிறகு அலசிய தரையில் இதனால் பெரிய ஆபத்தில்லை. கலக்காமல் ஊற்றி அப்படியே விட்டால்தான் வாயும் கண்ணும் எரியும், சத்தி எடுக்கும். கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூள் இதைவிடப் பல மடங்கு செறிவானது. அந்தப் பையை இறுகக் கட்டி, பூட்டுகிற இடத்தில் வையுங்கள்.

டெட்டோலும் பினாயிலும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அதுவும் பூனை வளர்ப்பவர்களுக்கு. தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுக்கிற தொற்றுநீக்கிகளில் பெரும்பாலும் பீனோல் வகைப் பொருளோ பைன் எண்ணெயோ இருக்கும். டெட்டோல் திரவத்தில் 4.8 சதவீதம் குளோரோசைலெனோல் இருக்கிறது, பைன் எண்ணெயும் இருக்கிறது. மனிதரின் ஈரலும் நாயின் ஈரலும் இந்தப் பொருள்களைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்த்து சிறுநீரில் வெளியேற்றிவிடும். அந்த வேலைக்கு வேண்டிய நொதியம் பூனைக்கு இல்லாத குறை. அதை உண்டாக்கும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. ஆகவே நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு பூனையின் உடலில் தங்கி ஈரலைத் தாக்கும். நாயும் பூனையும் ஒரே விறாந்தையில் படுத்து, பூனை மட்டும் சுருண்டுபோவது இதனால்தான். பூனை உள்ள வீட்டுத் தரைக்கு இந்த இரண்டும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

லவெண்டர், எலுமிச்சை மணத்தோடு வருகிற தரைத் திரவங்கள் பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைட் இருக்கிறது. லேபிளில் அந்தப் பெயரைத் தேடுங்கள். செறிவாகப் பட்டால் பூனையின் நாக்கு புண்ணாகும், வாயில் வீணீர் வடியும், காய்ச்சல் வரும். இது உடனே தெரியாது. சில மணித்தியாலங்கள், சிலவேளை அரை நாள் கழித்துத்தான் தெரியவரும். காலையில் துடைத்த தரையையும் பின்னேரம் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகுகிற பூனையையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. "வெளியில் எதையோ தின்றுவிட்டது" என்று விட்டுவிடுவார்கள்.

அலுமாரியிலும் தொட்டித் துளையிலும் போடுகிற பூச்சி உருண்டை பெரும்பாலும் நப்தலீன். உருண்டு ஓடுவதைக் குட்டிகள் துரத்திப் பிடிக்கும், விழுங்கும். அது செங்குருதிக் கலங்களை உடைக்கும். இதிலும் பூனைதான் கூடுதலாகப் பாதிக்கப்படும். சாமி அறைக் கற்பூரமும் அதே கணக்குத்தான். சிறிதளவு தின்றாலும் வலிப்பு வரலாம். எறும்பும் ஈயும் வராமல் இருக்கத் தரை கழுவும் தண்ணீரில் கற்பூரம் கரைக்கிறவர்களும், சிட்ரனெல்லா எண்ணெய் விடுகிறவர்களும் விலங்கு வந்த வீட்டில் அதை நிறுத்திவிடுங்கள்.

சவர்க்காரத் தூள், பாத்திரம் கழுவும் திரவம் போன்றவை வயிற்றைக் குழப்பும். ஆனால் மேலே சொன்னவற்றோடு சேர்த்து அஞ்சத் தேவையில்லை.

எங்கே வைப்பது

உயரத்தில், கதவு பூட்டுகிற தட்டில். பூனை உயரத்துக்கு ஏறும் என்பதால் திறந்த தட்டு போதாது. குசினித் தொட்டிக்குக் கீழே திரை மட்டும் தொங்குகிற இடம் நாய்க்குட்டிக்கு மிக வசதியான இடம். அங்கே இனி ஒன்றும் வேண்டாம். மூடியை இறுக்கிய பிறகு போத்தலின் வெளிப்புறத்தையும் கழுவித் துடையுங்கள். வழிந்து காய்ந்த கோடுகள்தான் நக்குப்படும்.

தரை கழுவும் ஒழுங்கு

முதலில் விலங்கை வெளியேற்றுங்கள். நாயை வளவில் நிழலில் கட்டுங்கள், பூனையை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாள், பொங்கலுக்கு முதல் நாள், சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னர் என்று வீடு முழுவதும் ஒரேயடியாகக் கழுவுகிற நாட்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். அன்று வாளிகள் ஐந்தாறு நிற்கும், எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள், நாயை யாரும் பார்க்க மாட்டார்கள்.

தும்புத்தடியால் கூட்டிவிட்டுச் சுடுதண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் துடையுங்கள். அன்றாடத் துப்புரவுக்கு இது போதும். மணம் வந்தால்தான் வீடு சுத்தம் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மணத்துக்கும் சுத்தத்துக்கும் தொடர்பில்லை, அதோடு நாயின் மூக்கு நம்முடையதைவிட எவ்வளவோ கூரியது.

தொற்றுநீக்கி வேண்டித்தான் இருக்கிறது என்றால் லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மூடிகூட வேண்டாம். பத்து நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரால் இரண்டு தரம் துடையுங்கள். பழைய சீமெந்துத் தரை உறிஞ்சி வைத்திருக்கும், ஆகவே இன்னும் ஒரு தரம் துடைத்தாலும் தவறில்லை. மின்விசிறியைப் போட்டுக் காயவிடுங்கள். அப்புறம் உள்ளங்கையைத் தரையில் முழுதாக வைத்து அழுத்தி எடுங்கள். கை ஈரமாகவோ பிசுபிசுப்பாகவோ வந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. கதவோரமும் மாபிள் இடுக்கும்தான் கடைசியாகக் காயும். நாய் முதலில் போய்ப் படுப்பதும் அந்தக் குளிர்ந்த மூலையில்தான்.

வாளித் தண்ணீரை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். கிணற்றடி வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். அங்கே தேங்கி நிற்பதைக் கோழியும் பக்கத்து வீட்டு ஆடும் வந்து குடிக்கும். மலசலகூடத்துக்குள் ஊற்றித் தண்ணீர் விட்டு அடியுங்கள். மொப்பை உயர்த்திக் கொளுவுங்கள். அதன் நூலை இழுத்துச் சப்புவது நாய்க்குட்டிகளுக்கு விருப்பமான வேலை.

இன்னொன்று, தாகம். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வளவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. தாகம் எடுத்த நாய் சவர்க்காரத் தண்ணீரையும் குடிக்கும், நிலத்தோடு இருக்கிற கக்கூஸ் கோப்பையிலும் வாய் வைக்கும். நிழலில் ஒரு மண்சட்டியில் எப்போதும் நல்ல தண்ணீர் நிரம்பி நின்றால் இந்தத் தொல்லையில் பாதி குறையும். கக்கூஸ் கதவையும் சாத்தியே வைத்திருங்கள்.

ஒன்றோடொன்று கலக்கக் கூடாதவை

கக்கூஸில் அமிலத் திரவத்தை விட்டுவிட்டு, இன்னும் வெளுக்கட்டும் என்று மேலே பிளீச் ஊற்றினால் குளோரின் வாயு எழும். இந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரமானது, ஆகவே தரையோடு படிந்து நிற்கும். நீங்கள் நின்றுகொண்டு இருமுகிறபோது, கதவடியில் படுத்திருக்கிற நாய் அதற்குள்ளேயே மூச்சு விடுகிறது. வினாகிரியும் தேசிக்காய்ச் சாறும் அமிலங்கள்தான், அவற்றையும் பிளீச்சோடு சேர்க்காதீர்கள்.

நாய்க்குட்டி மூத்திரம் பெய்த இடத்தில் நேரே பிளீச் ஊற்றுவதும் தவறு. மூத்திரத்தில் உள்ள அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற வாயு வரும், கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். முதலில் சீலையால் ஒற்றி எடுத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வெறும் தண்ணீரால் துடையுங்கள். மணம் போகாவிட்டால் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து தடவிவிட்டு மறுபடி துடையுங்கள்.

நம் தண்ணீர்ப் படிவுக்கும் வினாகிரி நல்ல வழி. பழைய சீலையை அதில் நனைத்துக் குழாயில் சுற்றியோ மாபிளில் விரித்தோ இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் தேய்த்துக் கழுவினால் மெல்லிய படிவு இளகிப் போய்விடும். வருடக் கணக்கில் ஏறிய கறைக்கு அமிலத் திரவம்தான் என்றால், விலங்கு இல்லாத நேரத்தில், கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பிளீச் கட்டாயம் வேண்டிய வேளை

பிளீச்சை வீட்டைவிட்டே விரட்டச் சொல்லவில்லை. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ஒரு குட்டி இறந்த வீட்டில், அடுத்த குட்டியைக் கொண்டுவருவதற்கு முன்னர் தரையைப் பிளீச்சால் கழுவத்தான் வேண்டும். அந்த வைரசுக்குச் சாதாரணச் சவர்க்காரமும் பல தொற்றுநீக்கிகளும் பயப்படாது. முதலில் அழுக்கைச் சவர்க்காரத்தால் நன்றாகக் கழுவுங்கள், அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஈரமாக விட்டுக் கழுவுங்கள். கலவையை அன்றன்று செய்யுங்கள். நம் வெயிலுக்கு அது வேகமாக வீரியம் இழக்கும்.

கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடுவதும் தேவையானதுதான். சுகாதாரப் பரிசோதகர் சொல்கிற அளவில் போட்டால் நாய்க்கும் பூனைக்கும் தீங்கில்லை. மணம் கடுமையாக வீசுகிற முதல் நாளில் மட்டும் முன்னரே பிடித்து வைத்த தண்ணீரைக் கொடுங்கள். மீன் தொட்டிக்கு அந்தத் தண்ணீரை நேரே விடவே கூடாது, குளோரின் மீனின் செவுளை எரித்துவிடும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, மணம் போன பிறகு விடுங்கள்.

கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் தெளிக்கிற எந்தத் திரவத்தையும் அதே அறையில் அடிக்காதீர்கள். பறவையின் சுவாசம் நம்முடையதைவிட மிக மென்மையானது. கூண்டை வெளியே கொண்டுபோய்விட்டுத்தான் துப்புரவு.

விலங்கின் உடம்பில் பூசுகிறவை

"டெட்டோல் விட்டுக் குளிப்பாட்டினால் உண்ணி போகும்" என்று யாராவது பெரியவர்கள் நிச்சயம் உங்களுக்குச் சொல்வார்கள். அக்கறையோடுதான் சொல்வார்கள். ஆனாலும் செய்யாதீர்கள். நாயின் தோல் எரியும், நக்கினால் வயிற்றுக்குள் போகும். பூனைக்கு அது உயிராபத்து. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தேய்ப்பதும் அப்படித்தான். நக்கும்போது மண்ணெண்ணெய் எளிதாக நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். புழுவைத்த புண்ணில் பினாயில் ஊற்றுவார்கள். புழு சாகும், கூடவே ஆறவேண்டிய சதையும் வேகும். அந்தப் புண்ணை மிருக வைத்தியர் சுத்தம் செய்து புழுவை எடுக்க வேண்டும்.

உண்ணிக்கு மிருக வைத்தியர் தருகிற மருந்து இருக்கிறது. நாய்க்கென்று தந்த மருந்தைப் பூனைக்குப் பூசாதீர்கள். பேர்மெத்ரின் சேர்ந்த மருந்து பட்ட பூனை நடுங்கி, வலிப்பு வந்து சாகக்கூடும். சாப்பாட்டுக் கோப்பையும் படுக்கைச் சாக்கும் சாதாரணச் சவர்க்காரத்தில் கழுவி வெயிலில் காய்ந்தால் போதும்.

பட்டுவிட்டால், நக்கிவிட்டால்

முதலில் சத்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், தேங்காயெண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அமிலமும் காரமும் இறங்கும்போது ஒருமுறை சுட்டது போதாதென்று ஏறும்போது மறுபடி சுடும். சவர்க்காரம் நுரைத்தும் மண்ணெண்ணெய் மெல்லிதாக ஓடியும் மூச்சுக்குழாய்க்குள் போகும். உப்பே கூடினால் அதுவும் நஞ்சு.

காலிலோ மயிரிலோ பட்டிருந்தால் நக்க விடாமல் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். பூனையை ஒரு பழைய சாரத்தால் உடம்பு முழுவதும் சுற்றி, ஒவ்வொரு காலாக வெளியே எடுத்துக் கழுவினால் கீறல் வாங்காமல் தப்பலாம். மண்ணெண்ணெய், பினாயில் போன்றவை தண்ணீருக்கு மட்டும் போகாது, பாத்திரம் கழுவும் திரவத்தில் கொஞ்சம் விட்டு அலசுங்கள். தூளாக இருந்தால் உலர்ந்த சீலையால் தட்டிவிட்டுப் பிறகு தண்ணீர் விடுங்கள். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றியபடி பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். நீண்ட நேரம் போலத்தான் தோன்றும், விடாதீர்கள். வாயில் பட்டால் தலையைக் கீழே சாய்த்து ஈரச் சீலையால் நாக்கையும் முரசையும் துடையுங்கள். விழிப்போடு இருந்து, சத்தி எடுக்காமல், தானாக விழுங்குமானால் கொஞ்சம் தண்ணீரோ பாலோ நக்கக் கொடுக்கலாம். பூச்சி உருண்டை தின்றிருந்தால் மட்டும் பால் வேண்டாம், கொழுப்போடு சேர்ந்தால் நப்தலீன் இன்னும் வேகமாக உடம்பில் சேரும். வாயுவைச் சுவாசித்திருந்தால் திறந்த காற்றுக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

பிறகு வைத்தியரைக் கூப்பிடுங்கள். உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலக இலக்கத்தையும், அலுவலக நேரம் கழிந்த பிறகு பார்க்கிற ஒரு தனியார் வைத்தியரின் இலக்கத்தையும் இன்றைக்கே தொலைபேசியில் பதிந்து வையுங்கள். என்ன பொருள், எவ்வளவு, எத்தனை மணிக்கு, விலங்கின் எடை என்ன, இந்த நான்கையும் சொல்ல வேண்டும். லேபிளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். போகும்போது போத்தலையும் ஓட்டோவில் எடுத்துச் செல்லுங்கள்.

மூச்சு இழுப்பு, வலிப்பு, தள்ளாட்டம், இரத்தம் கலந்த சத்தி, வெளிறிய முரசு, தேயிலைச் சாயம்போன்ற மூத்திரம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. பூச்சி உருண்டை தின்ற விலங்கு முதல் நாள் நன்றாக ஓடித் திரிந்துவிட்டு ஓரிரு நாள் கழித்தும் விழலாம், ஆகவே அதை நன்றாக இருக்கும்போதே கொண்டுபோங்கள்.

திரும்பி வந்த பிறகு வாய்ப் புண் ஆறும்வரை உறைப்பும் உப்பும் முள்ளும் இல்லாமல் குழைத்த சோறும் அவித்த மீனும் ஆறவிட்டுக் கொடுங்கள். நாய் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தாலும் தாங்கும். பூனைக்குப் பட்டினி ஆகாது, சில நாளிலேயே ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னாத பூனையை மறுநாள் காலையே வைத்தியரிடம் திரும்பக் கொண்டுபோங்கள்.